தொண்ணூறுக்குத் தொண்ணூறு

2020ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி ஐக்கிய நாடுகள் ஸ்தாபனம் தன் வரலாற்றில் அதுவரை காணாத ஒரு கணக்கை எட்டியது. செயலாளர் நாயகத்துக்கு அடுத்த இரு தரங்களிலும் முழுநேரமாகப் பணிபுரியும் உயர் பதவியாளரை எண்ணிப் பார்த்தபோது பெண்கள் 90 பேர், ஆண்கள் 90 பேர் என்று கண்டார்கள். 2017இல் செயலாளர் நாயகம் அந்தோனியோ குட்டெரஸ் வகுத்த திட்டத்தின்படி 2021இல் எட்ட வேண்டிய இலக்கு, தவணைக்கு முன்பே கைகூடிவிட்டது. மற்றைய எல்லாத் தரங்களிலும் இதே சமநிலையை 2028க்குள் கொண்டுவருவது அத்திட்டத்தின் மறுபாதியாகும்.

இத்தகைய செய்திகளை நம்மவர் இரு விதமாக எதிர்கொள்வதைக் காண்கிறோம். கற்றோர் சபைகளிலே கைதட்டல் எழுகிறது. பெண்குலம் சிகரத்தை எட்டிவிட்டதாக உரைகள் நிகழ்கின்றன. முற்போக்கு நண்பர் சிலரோ உதட்டைப் பிதுக்குகின்றனர். ஆண் அதிகாரி இருந்த நாற்காலியில் பெண் அதிகாரி அமர்ந்தால் கொட்டாஞ்சேனைத் தெருவில் கூலிக்கு மூட்டை தூக்குபவனுக்கும், வெள்ளவத்தை மாடி வீட்டிலே பாத்திரம் துலக்கும் மலையகச் சிறுமிக்கும் அதனால் என்ன வந்துவிடப் போகிறது என்று அவர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆனால் அதைக் கேட்கிறவர் பெரும்பாலும் ஆண்களாகவே இருப்பதையும் நாம் கவனிக்க வேண்டும். கைதட்டலும் வேண்டாம், உதட்டுப் பிதுக்கலும் வேண்டாம். இக்கணக்கில் உள்ள நியாயம் யாது, அக்கணக்கில் சேராமல் வெளியே நிற்பவர் யாவர் என்பதை ஆராய்வதே நம் கடமை.

முதலிலே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இச்சமநிலை மேலைநாட்டார் மனமுவந்து அளித்த தானம் அன்று. 1945இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் சாசனம் இயற்றக் கூடிய பிரதிநிதிகள் ஏறக்குறைய 850 பேர். அதில் கையொப்பமிட்ட பெண்கள் நால்வரே: டொமினிக்கன் குடியரசின் மினர்வா பெர்னார்டினோ, பிரேசிலின் பேர்த்தா லுட்ஸ், சீனத்தின் வூ யீ-ஃபாங், அமெரிக்காவின் வேர்ஜீனியா கில்டர்ஸ்லீவ். ஸ்தாபனத்தின் எந்தப் பதவியிலும் ஆணும் பெண்ணும் சம நிபந்தனையுடன் பங்குபெறத் தடை விதிக்கப்படலாகாது என்னும் எட்டாம் உறுப்புரை, லத்தீன் அமெரிக்கப் பெண்கள் முன்னின்று போராடி நுழைத்தது. அமெரிக்க, பிரித்தானியப் பெண் பிரதிநிதிகள் தமக்குத் துணைநிற்கவில்லை என்பதை லுட்ஸ் அம்மையார் தம் நினைவுகளிற் பதிந்துவைத்திருக்கிறார். வல்லரசுகளின் பெண்கள் பின்வாங்கிய இடத்தில் வறிய கண்டத்தின் பெண்கள் முன்னே சென்றனர்.

மூன்றாண்டுகளின் பின் மனித உரிமைப் பிரகடனம் எழுதப்பட்டபோது, ஆணையும் மனிதரையும் ஒருங்கே குறிக்கும் ஆங்கிலச் சொல் முதலாம் உறுப்புரையில் அமையவிருந்தது. அதை ஏற்காது, மனிதர் அனைவரையும் ஐயத்துக்கிடமின்றிக் குறிக்கும் தொடரை வற்புறுத்தி மாற்றுவித்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கு இங்கே ஒரு சிறு பெருமை தோன்றுவதுண்டு. நம் மொழிக்குப் பலர்பால் இருக்கிறது. ‘மாந்தர்’ என்று சொன்னால் வழக்குத் தீர்ந்தது. ஆனால் இலக்கணம் அளித்த சமத்துவம் நம் வீட்டுத் திண்ணைவரைகூட வந்து சேரவில்லை என்பதை நினைக்கும்போது அப்பெருமை கரைந்துவிடுகிறது.

எழுத்தில் ஏறிய உரிமை பதவியில் ஏறுவதற்கு எத்தனை காலம் ஆயிற்று! உதவிச் செயலாளர் நாயகம் என்ற தரத்துக்கு முதற்பெண்ணாகப் பின்லாந்தின் ஹெல்வி சிப்பிலா வந்தது 1972இல். அதற்கு மேற்பட்ட தரத்தை மார்கரெட் அன்ஸ்ரி எட்டியது 1987இல். பொதுச்சபையின் தலைமையில் விஜயலட்சுமி பண்டிட் 1953இலேயே அமர்ந்துவிட்டார் என்று நாம் பெருமைப்படுகிறோம். ஆனால் 2025இல் தொடங்கிய 80ஆவது கூட்டத்தொடர்வரை அந்த ஆசனத்தில் அமர்ந்த பெண்கள் ஐவரே. குட்டெரஸ் ஈறாகச் செயலாளர் நாயகமாயிருந்த ஒன்பதின்மரும் ஆண்கள். 2016இல் அப்பதவிக்குப் போட்டியிட்ட 13 பேருள் எழுவர் பெண்கள். தெரிவானவரோ ஓர் ஆண். தொழிலாளரின் நலனுக்கென 1919இல் தோன்றிய சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தில், 2022இல் பொறுப்பேற்ற கில்பேர்ட் ஹூங்போவரை, தலைமை இயக்குநராக ஒரு பெண்ணும் வந்ததில்லை. தொழிலாளர் என்றதும் நம் கண்முன் எழும் உருவம் ஓர் ஆணின் உருவமே என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

எந்த நியாயத்தின் பேரில் பெண்களுக்குச் சம இடம் கேட்கிறோம் என்பதே இங்கு எழும் அறவியற் கேள்வி. பலர் கூறும் நியாயம் பயன்பற்றியது. பெண்கள் இயல்பிலேயே இரக்கமுள்ளவர். அவர் கையில் அதிகாரம் வந்தால் போர் குறையும், ஊழல் குறையும், ஏழையின் கண்ணீர் துடைக்கப்படும் என்கின்றனர். கேட்க இனிமையான இவ்வாதம் பெண்களுக்கே பொறியாகும் வாதமுமாகும்.

சர்வதேச நாணய நிதியத்தை எடுத்துக்கொள்வோம். 2011 முதல் அதன் தலைமையில் அடுத்தடுத்து இரு பெண்கள்: கிறிஸ்டீன் லகார்ட், அவருக்குப்பின் 2019இல் கிறிஸ்டலினா ஜோர்ஜீவா. நம் நாடு வங்குரோத்தாகி நின்றபின், 2023 மார்ச்சில் ஏறத்தாழ 300 கோடி டொலருக்கு நான்காண்டுக் கடன் ஏற்பாட்டை அந்நிதியம் அங்கீகரித்தது. அரச வருமானத்தைக் கூட்டுவது அதன் முக்கிய நிபந்தனை. 2022 மே மாதத்தில் 8 வீதமாயிருந்த பெறுமதிசேர் வரி, படிப்படியாக ஏறி, 2024 ஜனவரியில் 18 வீதமானது. முன்பு விலக்குப் பெற்றிருந்த சமையல் எரிவாயுமீதும் அவ்வரி விழுந்தது. வரி யார் பெயரில் விதிக்கப்பட்டாலும், அதை அடுப்படியில் ஈடுசெய்பவள் பெண். எரிவாயுவைச் சேமிக்க இரு வேளைச் சமையலை ஒரு வேளையாக்கியவளும், தன் பங்கு மீன் துண்டைப் பிள்ளைகளின் கோப்பையில் வைத்தவளும் அவளே. வாஷிங்டனில் தலைமை வகித்தவர் ஒரு பெண் என்பதனால் நிபந்தனை இளகவில்லை. இளகும் என்று எதிர்பார்த்ததே பேதைமை. கடன் கொடுப்பவரின் நலன் காக்க எழுந்த ஸ்தாபனம், தலைமையில் யார் இருப்பினும் அவ்வேலையையே செய்யும்.

இதைக் கண்டு, பார்த்தீர்களா, பெண் வந்தும் என்ன பயன் என்று நம் நண்பர்கள் வெற்றிப் புன்னகை பூண்பார்களாயின் அவர்களைத் திருப்பிக் கேட்போம். 1946 முதல் 2011வரை அந்நிதியத்தை ஆண்களே நடத்தினர். அவர்களுள் எவரேனும் ஏழைக்கு இரங்கவில்லை என்பதற்காக, இனி ஆண்களுக்கு அப்பதவி எதற்கு என்று யாராவது கேட்டதுண்டா? ஆண் தோற்றால் அந்த மனிதன் தோற்றான் என்கிறோம். பெண் தோற்றால் பெண்ணினமே தோற்றதாகத் தீர்ப்பு எழுதுகிறோம். அறிவும் உழைப்பும் ஆணிடமும் பெண்ணிடமும் ஒத்திருக்க, ஒரு சபையிலே தொண்ணூறு வீதம் ஆண்கள் அமர்ந்திருப்பார்களாயின், யாரோ சிலர் தமக்குரியதல்லாத இடத்தில் அமர்ந்திருக்கின்றனர் என்பதே பொருள். அவ்விடத்தைத் திருப்பிக் கேட்பது கடனைத் திருப்பிக் கேட்பது போன்றது. கடன் கொடுத்தவள் அப்பணத்தை நல்வழியிற் செலவிடுவாளா என்று கடன்காரன் விசாரிப்பதில்லை. விசாரித்தால் ஊர் சிரிக்கும்.

தகுதி என்ன ஆவது என்பது இன்னொரு கேள்வி. தகுதி என்னும் சொல்லை நம் நாட்டிலே மிகுந்த எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். அது யார் வாயில் எப்போது பிறக்கிறது என்று பார்க்கவேண்டும். 1931இல் அரசாங்க சபைக்குக் கொழும்பு வடக்குத் தொகுதியிலிருந்து வைத்தியர் இரத்தினசோதி சரவணமுத்து தெரிவானார். தேர்தல் மனுவினால் அவர் இடமிழக்கவே, 1932இல் நடந்த இடைத்தேர்தலில் அவர் மனைவி நேசம் சரவணமுத்து நின்று வென்றார். இலங்கைச் சட்டமன்றத்தில் அமர்ந்த முதற் தமிழ்ப் பெண் அவரே. கணவனின் ஆசனத்தைக் காவல் காக்க வந்தவர் என்று அன்று ஏளனம் செய்வது எளிதாயிருந்திருக்கும். ஆனால் மணமான பெண்கள் ஆசிரியத் தொழிலில் நீடிக்கலாகாது என்னும் கட்டுப்பாடுகளை எதிர்த்துச் சபையிலே வாதாடியவர் அந்த அம்மையார். இன்று இலங்கைப் பாடசாலைகளில் கற்பிப்போருள் நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். அவர்களுள் மணமானவர்கள் தம் தொழிலின் உரிமையை அந்த வாதத்தோடும் சேர்த்து நினைக்கலாம். வாசல் எதுவாயினும், உள்ளே வந்தபின் செய்ததே கணக்கு. 1960இல் கணவரை இழந்த நிலையில் உலகின் முதற் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசியலோடு நமக்குள்ள பிணக்குகள் வேறு; அவருடைய திறமையை அவர் எதிரிகளே மறுத்ததில்லை. வருந்தவேண்டியது, கணவனோ தந்தையோ திறந்துவிட்ட வாசலைத் தவிர வேறு வாசல் பெண்ணுக்கு நெடுங்காலம் இல்லாதிருந்தது பற்றியே. இதே கொழும்பு வடக்கில் 1956இல் விவியன் குணவர்தன இடதுசாரி இயக்கத்தின் வழியே வென்றது அதனாலேயே நினைக்கத்தக்கது.

நம் பண்டிதர்கள் இந்த இடத்தில் ஔவையாரை அழைத்து வருவார்கள். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்றவர் அவர் என்பது உண்மை. ஒரு கவிஞரின் தூதைக் காட்டி இரண்டாயிரம் ஆண்டு மௌனத்தை மூடிவிட முடியுமா என்பதுதான் என் ஐயம்.

பெண்ணின் வருகையால் ஸ்தாபனத்தில் எதுவும் மாறாது என்பதும் சரியன்று. இந்தக் கொழும்பு நகரிலேயே சான்று இருக்கிறது. இனத்துவ ஆய்வுக்கான சர்வதேச நிலையத்தில் பணியாற்றிய ராதிகா குமாரசுவாமி, 1994இல் பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய ஐக்கிய நாடுகளின் முதலாவது விசேட அறிக்கையாளராக நியமிக்கப்பட்டார். 2003வரை அப்பொறுப்பில் இருந்தார். அது சம்பளமில்லாப் பொறுப்பு என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படையினரின் முகாம்களிலே அடைக்கப்பட்ட பெண்களின் நிலையைப் படைசார் பாலியல் அடிமைத்தனம் என்று பெயரிட்டு எழுதிய அவரது 1996ஆம் ஆண்டு அறிக்கை, அரை நூற்றாண்டு வாய்மூடியிருந்த உலகை அசைத்தது. வீட்டுக்குள் நடக்கும் அடியும் உதையும் குடும்ப விஷயம் அன்று. அதைத் தடுக்கவும் தண்டிக்கவும் தவறுகிற அரசும் பொறுப்பாளியே என்ற கருத்து சர்வதேச மொழியில் உறுதிபெற்றதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. நம் நாட்டில் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் வந்தது. இதை அவர் பெண் என்பதனால் மட்டும் சாதித்தார் என்று கூறேன். தெருவிலே பல நாட்டுப் பெண்கள் இயக்கம் நின்றது. உள்ளே அதைக் கேட்கும் காதுள்ளவர் ஒருவர் இருந்தார். இரண்டும் சேர்ந்தபோதே காரியம் நடந்தது.

2006இல் அதே அம்மையார் ஆயுத மோதல்களிற் சிறுவர் நிலை பற்றிய விசேட பிரதிநிதியாக, செயலாளர் நாயகத்துக்கு அடுத்த தரத்தில் அமர்ந்தார். அக்காலத்திலேதான், 2007 நவம்பரில், ஹெயிட்டி நாட்டில் அமைதி காக்கச் சென்ற இலங்கைப் படையினர் நூற்றுக்கு மேற்பட்டோர் பாலியற் சுரண்டல் குற்றச்சாட்டின் பேரில் திருப்பி அனுப்பப்பட்டனர். ஒரே நாடு, ஒரே ஸ்தாபனத்துக்கு, தலைமையகத்துக்கு ஒரு பெண்ணையும் களத்துக்கு அந்த ஆண்களையும் அனுப்பியது. தலைமையகத்தின் எண்ணிக்கை எவ்வளவு செம்மையாயினும், முகாமின் வேலிக்கு வெளியே நின்ற ஹெயிட்டிப் பெண் எந்த அட்டவணையிலும் எண்ணப்படவில்லை.

யாரை எண்ணுகிறோம் என்னும் இக்கேள்வி நம் மண்ணில் முன்பே எழுந்ததுண்டு. 1928இல் டொனமூர் ஆணைக்குழுவின் முன் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தினர் சாட்சியமளித்தபோது, தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்குமே கேட்கிறோம் என்ற கருத்தில் அக்னஸ் டி சில்வா விடையிறுத்தார். உயர்குடிப் பெண் ஒருவரின் வாயிலிருந்து வந்த அவ்விடை இன்றும் நெஞ்சை நிமிரச் செய்கிறது. ஆணைக்குழு 30 வயது கடந்த பெண்களுக்கு மட்டும் வாக்குரிமை பரிந்துரைத்தது. 1931இல் 21 வயதிலே ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகக் கிடைத்தது. பதினேழு ஆண்டுகள் சென்றன. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்கும் பறிபோயிற்று. இதில் மட்டும் ஆண் பெண் சமத்துவம் குறைவின்றிப் பேணப்பட்டது!

அம்மலையகப் பெண்ணுக்கு ஆணுக்கு நிகரான நாட்சம்பளம் 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே கிடைத்தது. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சர்வதேசச் சமவாயம் 1951இலேயே நிறைவேறியிருந்தது. இலங்கை அதை உறுதிப்படுத்தியதோ 1993இல். ஜெனீவாவின் தீர்மானம் ஹற்றனுக்கு ஏறுமுன், ஹற்றனின் போராட்டம் தன் வழியைத் தானே கண்டுகொண்டது.

ஸ்தாபனத்தின் பதவி எத்தகைய அளவிலே தைக்கப்பட்ட சட்டை என்பதையும் பார்ப்போம். நள்ளிரவுக் கூட்டம், திடீர்ப் பயணம், குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாத களப்பணி, சில ஆண்டுகளுக்கொரு நாடுமாற்றம். வீட்டிலே சோறு சமைக்கவும் பிள்ளையைப் பார்க்கவும் முதிய தாய்க்கு மருந்து கொடுக்கவும் ஒரு மனைவி இருக்கும் ஆணின் உடலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. களப்பணிகளிலே பெண்களின் தொகை தலைமையகத்தினும் குறைந்தே நிற்பது தற்செயலன்று. சட்டையை மாற்றித் தைக்காமல், அதனுள் நுழையுமாறு பெண்ணை அழைக்கிறோம். அவள் நுழைவதற்கு ஒரு வழிதான் உண்டு: தன் வீட்டு வேலையை வேறொருவர் தலையில் வைப்பது. அந்த வேறொருவர் கணவனாக இருப்பது அருமை. கூலிக்கு வந்த மற்றொரு பெண்ணாக இருப்பதே வழக்கம்.

ஜெனீவாவிலே அவள் பிலிப்பைன்ஸ் நாட்டவளாகவோ வேறு நாட்டவளாகவோ இருக்கலாம். வெள்ளவத்தையிலே அவள் பெரும்பாலும் மலையகத்தவள். காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட குறுக்குத் தெருக்களின் மாடி வீடுகளில், காலையில் தேநீர் வைப்பவள் முதல் இரவில் கதவைப் பூட்டுபவள் வரை அவளே. அவ்வீடுகளிலிருந்து வங்கிக்கும் அலுவலகத்துக்கும் பாடசாலைக்கும் பெண்கள் புறப்படுகின்றனர். அவர்களின் முன்னேற்றம் நாட்டின் முன்னேற்றமாகக் கணக்கெடுக்கப்படுகிறது. பின்னே நிற்பவளுக்கு வேலைநேரம் இல்லை. விடுமுறை எசமானியின் மனநிலையைப் பொறுத்தது. வெள்ளைக்காரன் 1871இல் வீட்டு வேலையாட்களைப் பதிவுசெய்யச் சட்டம் இயற்றினான். அவர்களைக் கண்காணிக்கும் கவலை அவனுக்கு இருந்தது. அவர்களுடைய நேரத்துக்கும் கூலிக்கும் ஓய்வுக்கும் வரையறை சொல்லும் சர்வதேசச் சமவாயம் 2011 ஜூனில் ஜெனீவாவில் நிறைவேறியது. அடுத்த பத்தாண்டுக்குள் இலங்கை அதை உறுதிப்படுத்தவில்லை. இச்சமவாயத்தைப் பற்றி நம் ஆசிரிய சங்க மேடைகளில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. அது நம் வீட்டுக்குள்ளேயே நுழைகிற சட்டம் என்பது காரணமாக இருக்கலாம்.

தொண்ணூறுக்குத் தொண்ணூறு என்னும் கணக்கு நியாயமானது. எனினும் அது ஏணியின் மேற்படிகளை மட்டும் எண்ணிய கணக்கு. ஒப்பந்தக்காரர் மூலம் வந்து அதே மாளிகையின் தரையை இரவிலே துடைப்பவள் ஸ்தாபனத்தின் உத்தியோகத்தரே அல்லள். ஆதலால் எந்தச் சமநிலையிலும் அவள் சேர்வதில்லை. அவளையும் எண்ணினால் பெண்களின் தொகை உயரும், உயர்ந்த தொகையைக் கண்டு யாரும் கைதட்டமாட்டார்கள். இதைக் காட்டி மேற்படியின் உரிமையைத் தட்டிக்கழிக்க நினைப்பவரோடு நான் உடன்படேன். கீழே நிற்பவளுக்கு நீதி கிடைக்கும்வரை மேலே ஏறுபவள் காத்திருக்கட்டும் என்று சொல்லும் ஆண், தான் மட்டும் காத்திராமல் ஏறிவிட்டவன்.

இனி நம் பக்கம். வர்க்கப் போராட்டம் வென்றால் பெண் விடுதலை தானே வரும் என்று நாம் நெடுங்காலம் சொல்லிவந்தோம். தோட்டத் தொழிற்சங்கங்களின் அங்கத்தவருள் பெரும்பகுதியினர் பெண்கள். சந்தா அவர்களின் கொழுந்துக் கூடையிலிருந்து வருவது. அச்சங்கங்களின் தலைமைப் பீடங்களைப் பாருங்கள். பெண்களுக்கென்று ஒரு மாதர் பிரிவை வகுத்து, மே தினத்தில் முன்வரிசையில் நடக்கவைத்து, பேச்சுவார்த்தை மேசைக்கு ஆண்கள் போகின்றனர். உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்களுக்கு என்று சட்டம் வந்து, 2018இல் முதன்முறையாக அதன்படி தேர்தல் நடந்தபோது, தகுதியுள்ள பெண்களைத் தேடிக் கிடைக்கவில்லை என்று எல்லாக் கட்சிகளும் புலம்பின; இடதுசாரிக் கட்சிகளும் புலம்பின. நூற்றுக்கு இரண்டாக இருந்த பெண்கள் அந்த ஒரே தேர்தலில் இருபதைக் கடந்தனர். தேடாதவனுக்குக் கிடைக்காதது சட்டம் தேடியபோது கிடைத்தது.

பாடசாலைகளில் மிகப் பெரும்பாலோர் பெண்களாயிருக்க, நம் ஆசிரிய சங்கங்களின் கூட்டம் மாலை ஐந்தரைக்கோ ஆறுக்கோ கூட்டப்படுகிறது. அந்நேரம் ஓர் ஆசிரியை வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டிருப்பாள். அல்லது கொட்டாஞ்சேனைக்குப் போகும் பேருந்தில் நின்றுகொண்டிருப்பாள். மறுநாள் வருகைப் பதிவைப் பார்த்துவிட்டு, பெண்களுக்குச் சங்க வேலையில் அக்கறை இல்லை என்று செயலாளர் குறைபடுகிறார். கூட்டத்தைப் பிற்பகல் இரண்டு மணிக்கு, பாடசாலை மண்டபத்திலேயே, பிள்ளைகளையும் அழைத்துவரலாம் என்ற அறிவிப்போடு வைத்தால் என்ன என்று சென்ற தவணையில் எங்கள் கிளையில் ஓர் ஆசிரியை பிரேரித்தார். அது இன்னும் நிகழ்ச்சி நிரலில் ஏறவில்லை. அடுத்த கூட்டம் ஆறு மணிக்கு.